மறுபக்கத்துத் துளை

டிங்வால் கடையில் மக்ரே
மூன்று துப்பாக்கிகளைக் கிடத்தி வாதாடுவார்:
இருநூற்று நாற்பத்து மூன்று மெல்ல உதைக்கும்,
முந்நூற்றெட்டு காற்றுக்கு அசையாது,
ஆறரை மில்லிமீட்டர் இரண்டுக்கும் நடுவே.
ஃபின்லே போன மாதம் அதை வாங்கினான்.

எனக்கு வருவது மறுபக்கம்.
கொக்கியில் தொங்கும் பெண்மான்,
தோள் இருந்த இடத்தில் கூழ்.
ஒன்றே முக்கால் கிலோ வாளிக்கு.

நேற்று அவன் கொண்டுவந்ததில்
உள்ளே போன துளை சட்டைப் பொத்தான்,
வெளியேறியது ஐம்பது பென்ஸ்,
விலா ஒன்றுதான் முறிவு.

புதுசா என்றேன்.
"புதுசு உறையிலேயே இருக்கு.
இது அப்பனோட முந்நூற்றெட்டு.
மூணு தடவை குறி வெச்சு
மூணு தடவையும் இறக்கிட்டேன்.
அப்புறம் அது திரும்பி நின்னுது."

சீட்டில் அதற்குக் கட்டமில்லை.
எடையை மட்டும் எழுதினேன்:
முப்பத்தெட்டு.
வாளியைக் கழுவ வேண்டியிருக்கவில்லை.