கழுவாத இலை

ஒரு மரத்துக்கு இரண்டு காகித உறை.
ஒன்றில் கழுவிய இலை,
மற்றதில் கழுவாதது.
கழித்துப் பார்த்தால் மிஞ்சுவதுதான்
இந்த ஊர்க் காற்று.

கிழக்குச் செர்பியாவில்
ஒரு தாமிர உருக்காலையின் புகைபோக்கிக்குக் கீழே
பதினேழு மரங்களுக்கு எண் போட்டிருக்கிறோம்.
பள்ளி வாசலில் பாப்லர்,
பேருந்து நிறுத்தத்தில் நோஞ்சானாய் இரண்டு பிர்ச்,
கல்லறைச் சுவரோரம் ஓர் அக்ரூட்.
பதினொன்றாம் எண்
ராதோய்கா வீட்டு லிண்டன்.

"ஊசி போடப் போகிறாயா?" என்றாள்
துளைக்கருவியைப் பார்த்து.
வலிக்காது என்றேன்,
மரத்தைக் கேட்டுவிட்டு வந்தவள்போல.

திருகத் திருக
பென்சில் கனத்தில் வெளியே வந்தது கட்டை,
வளையங்கள் நெருக்கி நெருக்கி.
"இதில் எது தொண்ணூற்றிரண்டு?"
அந்த வருடம்தான் அவள் கணவன் மிலுட்டின்
உலைக்கூடத்திலிருந்து இருமிக்கொண்டு வந்தது.
காட்டினேன். நகத்தால் தொட்டாள்.
சொல்லவேண்டியதையும் சொன்னேன்:
உலோகம் வளையம் விட்டு வளையம் நகரும்,
மரத்தின் தேதிகள் கொஞ்சம் கசியும்,
கோர்ட்டில் நிற்காது இது.
"அவனுக்கும் தேதி நினைவிருக்காது" என்றாள்.

பிறகு தேநீர்.
அதே மரத்துப் பூ,
ஜூனில் செய்தித்தாள் விரித்து உலர்த்தியது.
மாதிரி எடுக்கும் இடத்தில்
எதையும் உண்ணாதே, குடிக்காதே என்று
கையேட்டில் ஒரு வரி உண்டு.
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
குடித்தேன்.
தேன் மணம்.
இன்னொரு கோப்பையும் குடித்தேன்.

மூன்று வாரத்தில் எண்கள் வந்தன.
கழுவிய இலையில் கொஞ்சம்.
கழுவாததைப் படித்த யோவிட்சா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி முதலிலிருந்து படித்தார்.

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவது என்பார்கள்.
தொலைபேசியில் அதை நான்
மெதுவாகத்தான் ஊற்றினேன்,
மில்லிகிராம் மில்லிகிராமாக.
அவள் கத்தவில்லை.
"பூவைக் கழுவிவிட்டு உலர்த்தினால்?"

மரம் மாதிரி நின்றேன்.
அப்படிச் சொல்வதும் தப்பு.
மரம் இப்படி வாயடைத்து நிற்கவில்லை.
ஆலை பரிமாறியதையெல்லாம் இலையில் வாங்கி,
கேட்க வந்தவளிடம்
ஒன்றையும் ஒளிக்காமல் காட்டியது.

பூவுக்கென்று எங்களிடம் உறையே இல்லை.
ஒன்றை எடுத்து எழுதினேன்:
பதினொன்று. பூ. கழுவியது.
இன்னொன்றிலும் எழுதினேன்.

இலையெல்லாம் உதிரத் தொடங்கிவிட்டது.
ஜூனுக்கு இன்னும் எட்டு மாதம்.
அதுவரை அவள் வீட்டு அலமாரியில்
போன ஜூன்
ஒரு ஜாடி நிறைய இருக்கிறது.