மூன்றாம் பக்கத்தில் பச்சை மை

காருகுறிச்சிக்கு மேற்கே, வயலுக்கு நடுவில் என் கேட்.
ஒரு போன், இரண்டு கொடி, ஒரு கைவிளக்கு,
மேசை டிராயரில் யாருக்கும் தெரியாமல் ஒரு நாவல்.
டூட்டியில் படிக்கக் கூடாது என்பது சட்டம்.
ஒரு வண்டி போய் அடுத்தது வர
ஒன்றே முக்கால் மணி நேரம் என்பது
அதைவிடப் பெரிய சட்டம்.

கல்லிடைக்குறிச்சியில் வாடகை நூலகம்.
சுடலையாண்டி அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்:
"நல்லாருக்கா இல்லையான்னு
நாலு வரி எழுதித் தா தாயி.
நான் எங்க படிக்கேன், வாடகைக்குல்லா விடுதேன்."
நாள்காட்டித் தாளைக் கிழித்து
ராகு காலத்துக்குப் பின்பக்கம் எழுதி
உள்ளே வைத்துத் திருப்பிக் கொடுப்பேன்.

ராஜா காலத்துக் கதை, மூன்று பாகம்.
எண்ணூறு பக்கத்தில் அந்தக் குதிரை
ஒரு வாய் புல் தின்னவில்லை.
ஐப்பசியில் பொருநையை நீந்திக் கடக்கிறதாம்.
எழுதியவர் ஐப்பசியில் இந்தப் பக்கம் வந்ததில்லை.
ஆனாலும் ராணி அந்த ஓலையை எரித்துவிட்டுக்
கை கழுவுகிற இடம் வந்தபோது
தூக்குச்சட்டியில் என் சோறு ஆறிப்போயிருந்தது.

குடும்ப நாவலில் மருமகள்
நாற்பத்தோரு முறை அழுகிறாள். எண்ணினேன்.
கடைசியில் மாமியார் திருந்துகிறாள், எதற்கென்று தெரியவில்லை.
என் மாமியாரிடம் கொடுத்தேன்.
இரண்டே நாளில் முடித்துவிட்டு,
"அந்த மாமியா பாவம்லா" என்றாள்.

பேய்க்கதை: பங்களா, கொலுசு, மல்லிகை வாசம்.
எட்டு வருசம் ராத்திரி டூட்டி பார்த்தவள் சொல்கிறேன்,
இருட்டில் வருவது நாய், இல்லையென்றால் குடிகாரன்.
எங்கள் இசக்கிக்குக் கொடை உண்டு, வில்லு உண்டு.
இந்தப் பேய்க்கு ஒரு படையல்கூட இல்லை,
அதுதான் இப்படி அலைகிறது.
என்றாலும் அன்றைக்கு நான் லைட்டை அணைக்கவில்லை.

செவ்வாய்க் கிரகத்தில் ரோபோ
செந்தமிழ் பேசுகிறது. பேசட்டும்.
ஒருத்தன் முப்பது வருசமாகத் தனியே
ஒரு கூண்டில் உட்கார்ந்து
ஒரு சிவப்பு பல்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
ஷிப்டு மாற்ற யார் வருவார்கள் என்று
கடைசிவரை சொல்லவே இல்லை.
இரண்டு தடவை படித்தேன்.

காதல் கதையில் மழை, ரயில்வே கேட்.
இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள்,
இருபது நிமிடம் கண்ணால் பேச்சு.
வண்டியே இல்லாமல் இருபது நிமிடம் மூடினால்
எனக்கு மெமோ.
அந்தக் கேட்கீப்பருக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

சண்டை எனக்குத் துப்பறியும் நாவலோடுதான்.
கதையோடு இல்லை, மூன்றாம் பக்கத்தோடு.
ஓரத்தில் யாரோ பச்சை மையில்
'கொலைகாரன் டாக்டர்' என்று எழுதியிருக்கும்.
அடுத்த மாதம் 'டிரைவர்தான்.'
அதற்கடுத்து 'அத்தை. விஷம் பாயசத்தில்.'
எல்லாமே சரி.
யாரென்று கேட்டேன்.
அண்ணாச்சி நோட்டைப் புரட்டுவதுபோல் புரட்டினார்.
"பச்ச மைன்னா ஆபீசராத்தான் இருக்கணும்."

போன வாரம்: 'தம்பியை நம்பாதே.'
நான் நம்பவில்லை.
அவன் அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டியபோது
கஞ்சியைப் பார்த்தேன்.
அழுதபோது நேரத்தைப் பார்த்தேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
அவனும் செத்துக் கிடந்தான்.
கொலைகாரன் வக்கீல்.

போன் அடித்தது. கேட்டை மூடினேன்.
ராத்திரி ரெண்டேகாலுக்கு
வெளியே நின்று பச்சை விளக்கைக் காட்டியபடி
சிரித்துக்கொண்டிருந்தேன்.
டிரைவர் என்ன நினைத்தாரோ.

திரும்பி வந்து முதலிலிருந்து படித்தேன்,
இந்த முறை அவனை நம்பிக்கொண்டு.
கஞ்சி வெறும் கஞ்சிதான்.

விடிந்தபோது தாளைக் கிழித்து எழுதினேன்:
'நல்லாருக்கு. மூன்றாம் பக்கத்தை நம்ப வேண்டாம்.'
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
இரண்டாவது வரியை
வாசிக்க முடியாதபடி அடித்தேன்.