நடு உறுப்பு

நாற்பத்தொன்பது வயதில்
கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.
மகளுக்கா, என்று கேட்டாள் கடைக்காரி.
ஆமாம் என்றேன்.
எனக்கு மகள் இல்லை.

உருகுவே ஆற்றங்கரையில், பய்சாந்தூ நகரத்தில்
மாட்டின் முன்னங்காலை எலும்பிலிருந்து எடுப்பவன் நான்.
ஒரு ஷிப்டுக்கு நூற்றுப் பத்துக் கால்கள்.
இருபத்தாறு வருடம்.
இப்போது என் வலது மணிக்கட்டு
கதவுக் குமிழைத் திருப்பவும் யோசிக்கிறது.
ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம் காலி,
வெள்ளைக் கோட்டு, கையில் பேனா.
பள்ளி முடித்த சான்றிதழ் கேட்கிறார்கள்.
நான் பள்ளியை விட்டது
ஓர் இருபடிச் சமன்பாட்டின் பாதியில்.

இரவுப்பள்ளி ஏழேகாலுக்கு.
நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் பிறந்த
டீச்சர் ஃப்ளொரென்சியா பலகையில் எழுதினாள்:

x² − 5x − 24

பெருக்கினால் மைனஸ் இருபத்து நான்கு,
கூட்டினால் மைனஸ் ஐந்து.
யார் அந்த இரண்டு பேர்?

யார் என்றுதான் கேட்டாள்.
டாக்ஸி ஓட்டும் யமாந்தூ
‘எட்டும் மூணும்’ என்று கத்தினான்.
மைனஸ் யாருக்கு என்றாள்.
மூன்றுக்கு என்றேன் நான், முந்திக்கொண்டு.
போட்டுப் பார்த்தோம்:
எல்லாம் சரி, நடுவில் மட்டும் குறி தலைகீழ்.
பதினாறு வயதில் செய்த அதே தப்பு,
ஒரு நரைகூட இல்லாமல்
அப்படியே இருந்தது.

மூன்றாம் வாரம்
எக்ஸ் வர்க்கத்துக்கு முன்னால் ஓர் ஆறு வந்து நின்றது.

6x² + 7x − 20

நடு உறுப்பை உடையுங்கள் என்றாள்.
உறுப்பு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது.
யமாந்தூவுக்குப் புரியவில்லை.
எலும்பை யாரும் வெட்டுவதில்லை, தம்பி.
தோள்மூட்டில் ஓர் இடம் இருக்கிறது,
கண்ணுக்குத் தெரியாது, விரல்நுனிக்குத் தெரியும்.
அங்கே கத்தி போனால் கால் கழன்று கைக்கு வரும்.
அரை விரல் தள்ளிப் போனால்
சாயங்காலம் வரை அறுக்கலாம்.

ஆறும் மைனஸ் இருபதும் பெருக்கி, மைனஸ் நூற்றிருபது.
பத்தும் மைனஸ் மூன்றும்: எலும்பு.
பன்னிரண்டும் மைனஸ் ஐந்தும்: மறுபடி எலும்பு.
பதினைந்தும் மைனஸ் எட்டும்.
இந்தப் பக்கம் 3x-ஐ உருவினேன், மிச்சம் 2x + 5.
அந்தப் பக்கம் மைனஸ் நான்கை உருவினேன்,
மிச்சம், அதே 2x + 5.
மணிக்கட்டு வலிக்காமல் ஒன்று பிரிந்தது
அன்றுதான்.

பிறகு பூஜ்ஜியத்துக்கு வந்தோம்.
இரண்டைப் பெருக்கிப் பன்னிரண்டு வந்தால்
யார் எவ்வளவு தந்தார்கள் என்று சொல்ல முடியாது.
பூஜ்ஜியம் வந்தால் மட்டும்
இருவரில் ஒருவராவது பூஜ்ஜியம்.
எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.
நான் பென்சில் சீவப் போனேன்.

மொண்டெவிடியோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உறை
எங்கள் அலமாரியில், மின்சார பில்களுக்கு அடியில்,
பதினேழு வருடமாக இருக்கிறது.
நானா, நில்டாவா.
அதை நாங்கள் பிரிக்கவில்லை.
ஒரு முறை அவள் பசையை நகத்தால் நெருடினாள்,
நான் மாத்தேவுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன்.
திரும்பியபோது உறை பழைய இடத்தில்,
அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

நேற்றிரவு சமையலறை மேஜையில்

x² + 3x − 7

ஏழுக்கு ஒன்றையும் ஏழையும் விட்டால் ஆள் இல்லை.
கூட்டினால் ஆறு, குறி மாற்றினால் மைனஸ் ஆறு.
மூன்று வரவேயில்லை.
ஒரு மணிவரை முயன்றேன்.
முதியோர் இல்லத்து வேலை முடிந்து நில்டா வந்தாள்,
ஈரக் காலணியைக் கழற்றியபடி நோட்டை எட்டிப் பார்த்தாள்.
என்ன ஆச்சு?
பிரியமாட்டேன் என்கிறது.
அப்படியானால் விடு, என்றாள்.
சூப் இருக்கிறது, சூடு பண்ணட்டுமா?

இதற்கும் விடை உண்டாம்,
மூலக்குறிக்குள், தசமப்புள்ளிக்குப் பின்
முடியாமல் போய்க்கொண்டிருக்குமாம்.
அடுத்த வாரம் அந்தச் சூத்திரம்.
பரீட்சை அதற்கும் அடுத்த வியாழன்.
மைனஸ் யாருக்கு என்பதில்
இன்னும் தடுமாறுகிறேன்.