உள்நாட்டார் கட்டணம்

ஆடி மழைக்கு நுவரெலியாவில் அறை பாதி விலை.
அடையாள அட்டை காட்டினால்
அதிலும் பாதி.

வரவேற்பு மேசைப் பெண்
என் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.
மேற்பிரிவு, ஏழாம் லயம்.
வத்தளைக்குப் போய் ஒன்பது வருடம்,
முகவரியை இன்னும் மாற்றவில்லை.
"இது இங்க பக்கத்துத் தோட்டம்தானே மிஸ்?"
"ஆமா, அந்த மலைக்குப் பின்னால."
இவ்வளவு கிட்டத்தில் இருந்து
யாரும் வந்து தங்கியதில்லையாம்.
சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்பா கையில் இப்படியோர் அட்டை வந்தபோது
அவருக்கு ஐம்பத்தொரு வயது.
அதைக் காட்டி அவர்
எதையும் மலிவாக வாங்கியதாக ஞாபகமில்லை.

புவிராஜ் வந்ததிலிருந்து மூன்று தரம் குளித்துவிட்டான்.
வெந்நீரும் காசில் அடக்கமாம்.
மேசையில் இரண்டு தேயிலைப் பைகள்.
ஒன்றைப் பிரித்து முகர்ந்தேன்:
தூள், அதிலும் கடைசித் தூள்.

ஜன்னலுக்கு நேரே கேளிக்கைப் பூங்கா.
மழையென்று பூட்டிவிட்டார்கள்.
டிலக்சனா அழுதாள், தூங்கினாள், எழுந்தாள்.

காலையில் ஒரு பையன்
சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து
இராட்டினத்தை வெறுமனே சுற்றவிட்டான்.
துருப்பிடிக்காமல் இருக்கவாம்.

கண்ணாடியில் மூக்கை அழுத்தி
ஒவ்வொரு பெட்டியிலும் ஆள் ஏற்றினாள் மகள்:
மாலினிச் சித்தி, வேன் அங்கிள்,
செத்துப்போன பூனை,
மேசைக்குப் பின்னால் நிற்கும் அக்கா.
"அவங்க ராத்திரியும் நின்னுக்கிட்டே இருந்தாங்கம்மா."

பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யவேண்டும்.
பத்தே முக்காலுக்குத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு
மறுபடி உள்ளே போனான் புவிராஜ்.