ரிலீவர்

டாக்டர் ரெஹானா ஸ்கேன் உறையைத் திருப்பிப் போட்டு
நீலப் பேனாவால் ஒரு வட்டம் வரைந்தாள்.
"இது உங்க குடல்ல இருக்கிற கட்டி."
வட்டத்துக்குள் ஏழெட்டுப் புள்ளி வைத்தாள்.
"இதெல்லாம் காவல் செல்லு. ஓடலை, சாகலை,
உள்ள வந்துதான் நிக்குது.
ஆனா சோர்ந்துபோச்சு."

"டூட்டியில தூங்குதா?" என்றேன்.

"முழிச்சுதான் இருக்கு. கை ஓங்க முடியலை."

சிரிப்பு வந்தது.
வயிற்றுத் தையல் இழுத்ததில் பாதியில் நிறுத்தினேன்.

சாத்தாங்காடு கன்டெய்னர் யார்டு, இரண்டாம் கேட்.
பதினொரு வருடம் இரவில் நின்றவன் நான்.
முதல் மாதம் ஒவ்வொரு சீலையும் டார்ச் அடித்துப் படித்தேன்.
ஒரு எண் தப்பியதற்காக ஒருவனை
விடியும்வரை நிறுத்திவைத்தேன்.
என் அம்மாவை இழுத்துப் பேசினான்.
நான் அசையவில்லை.

அப்புறம் அதே லாரி.
தினமும் அதே லாரி.
அதே கிழிந்த தார்ப்பாய், முகப்பில் காய்ந்த எலுமிச்சை,
எண்ணூர் சாலையில் மணிக்கணக்காய் ஊர்ந்து
சரியாக இரண்டரைக்கு என் முன் வந்து ஹாரன்.
எந்த இரவில் என்று தெரியாது,
டார்ச்சை எடுக்காமல் கையை மட்டும் அசைத்தேன்.
போ.

நோட்டில் கையெழுத்து மட்டும் ஒருநாளும் தவறவில்லை.
தூங்கியதாக ஒரு மெமோவும் உண்டு.
பொய். கண் திறந்திருந்தது.

கல்யாணமான புதிதில் மணலியில் இறங்கியதுமே
குணவதி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.
"என்ன நாத்தம் இது, கண்ணு எரியுது?"
"எது?" என்றேன்.
அடுத்த ஆடிக்கு வந்த அவள் தம்பி அதையே கேட்டான்.
"எது?" என்றாள் குணவதி.

"ரிலீவர் வரலைம்மா," என்றேன் டாக்டரிடம்.
அவளுக்குப் புரியவில்லை.
காலை எட்டுக்கு மாற்ற வேண்டியவன் வராவிட்டால்
அடுத்த ஷிப்டும் நாம்தான்.
அதற்கு அடுத்தவனும் வராவிட்டால் அதுவும்.
மூன்றாவது ஷிப்டில்
திருடன் வணக்கம் வைத்தால் பதில் வணக்கம் வைப்போம்.

இந்த முறை அவள் சிரித்தாள்.
பேனாவை மூடியபடி சொன்னாள்:
"ஒரு ஊசி இருக்கு. பிரேக்கை எடுத்துவிடும்.
சிலருக்கு அந்த செல்லு திரும்ப எழுந்துக்கும்.
உங்க கட்டி அந்த வகையான்னு பாக்க அனுப்பியிருக்கோம்."

பதினாறு நாள் கழித்துத் தாள் வந்தது.
இரண்டு தடவை படித்தாள்,
இரண்டாம் தடவை மாறிவிடும் என்பதுபோல.
அந்த வகை இல்லை.
நூற்றில் நாலைந்து பேருக்குத்தான் அமையுமாம்.
கீமோ தொடரலாம் என்றாள்.
உறையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் இரண்டரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
கட்டிலடியில் குணவதி.
எங்கோ கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில்
வேகன் வேகனாய் இடித்துக்கொண்டு நிற்கிறது.
உறையை எடுத்துப் புள்ளிகளைப் பார்க்கிறேன்.
உங்களுக்கு நான் மெமோ கொடுக்கப் போவதில்லை.

வார்டு வாசலில் செக்யூரிட்டிப் பையன்.
தலைக்குப் பெரிய தொப்பி.
நேற்றுப் பகலிலும் இவனைத்தான் பார்த்தேன்.
கண் திறந்துதான் இருக்கிறது.
கையை ஆட்டினேன்,
பார்க்கவில்லை.

படிக்கட்டில் சூப்பர்வைசர் ஷூ.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

தையலைப் பிடித்துக்கொண்டு
பலமாக இருமினேன்.
பையன் எழுந்து
தொப்பியைச் சரிசெய்தான்.