ஆணி இருந்த இடம்

செத்தவர் கட்டத்தில் சிவப்புக் கோடு.
வராதவர் கட்டம் வெற்று.
கிட்வே மருந்தகத்துப் பேரேட்டில்
எனக்குத் தெரிந்த இலக்கணம் இவ்வளவுதான்.
ஜூனில் மூன்று வெற்றுக் கட்டங்கள்.
ஜூலையில் பதினேழு.

ஜூலையில்தான்
ரயில்வே கொட்டகைக்குப் பின்னால்
வெள்ளைக் கூடாரம் எழும்பியது.
மூன்று கார்களில், சொந்த ஜெனரேட்டரோடு
அப்போஸ்தலர் ஜெதிதியா வந்து இறங்கினார்.
நகரமே மின்சாரம் இல்லாமல் கிடந்த இரவுகளில்
அங்கே மட்டும் வெளிச்சம்.
வெளிச்சத்தைப் பார்த்துத்தான் போனோம்.
ஈசலைக் குறை சொல்லி என்ன?

போனோம் என்றேன். ஆம், நானும்தான்.
பதவி உயர்வு வேண்டுமானால்
விதை போடு என்றார்.
ஒரு மாதச் சம்பளத்தை உறையிலிட்டேன்.
அவர் முகம் அச்சிட்ட ஸ்டிக்கர் கிடைத்தது.
கதவில் ஒட்டினேன்.
வீட்டில் உப்பு மட்டும் மிஞ்சிய
ஆகஸ்ட் வந்தது.

பதினேழில் ஒரு கட்டம் கலூபாவுடையது.
சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி விற்பவள்.
தாமிரக் கசடு மலைபோல் குவிந்த பக்கம்
சைக்கிளில் தேடிப் போனேன்.
கட்டிலில் கிடந்தாள்.
தலைமாட்டில் அபிஷேக எண்ணெய்ப் புட்டி,
லேபிளில் அதே முகம்.

"மேடையில் ஏறிச் சாட்சி சொல்லிவிட்டேன்,
சுகமாகிவிட்டேன் என்று.
அத்தனை பேரும் கைதட்டினார்கள்.
இனி மாத்திரை விழுங்கினால்
நான் பொய்க்காரி ஆவேனே."

எனக்குப் பதில் தெரியவில்லை.
கிருமி எண்ணிக்கை பற்றி ஏதோ உளறினேன்.
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொல்லையில் துணி அலசும் சத்தம்.
நமுகோலோ. செங்கல் சுமப்பவள்.
பதினோரு பேர் கூடும் புல்கூரைச் சபைக்கு
தண்டவாளத் துண்டைத் தட்டி
மணியடிப்பவளும் அவளே.
கலூபாவின் போர்வையைத்தான் அலசிக்கொண்டிருந்தாள்.
ஈரக் கையோடு உள்ளே வந்து
என்னைப் பார்க்காமல்
கட்டிலைப் பார்த்துச் சொன்னாள்:

"நானும் மூன்று வாரம் ஜெபித்தேன்.
ஏன் சுகமாகவில்லை என்று தெரியாது.
தெரியாததைத் தெரியும் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
ஒன்று தெரியும்.
கல்லறையைவிட்டு எழுந்து வந்தவர்
கையை மறைக்கவில்லை.
சாவையே ஜெயித்தவருக்கு
அந்த ஓட்டையை மூடத் தெரியாதா?
மூடவில்லை. தொட்டுப் பார் என்று நீட்டினார்.
உன் அப்போஸ்தலரோ
புண்ணோடு வந்தவர்களைப்
பின்வரிசைக்கு அனுப்புகிறார்.
புண்ணைப் பார்த்துக் கூசுகிற கிறிஸ்து
வேறு யாரோ, கலூபா.
பெயர் மட்டும்தான் ஒன்று."

கலூபா நெடுநேரம் பேசவில்லை.
கசடு கொட்டும் வண்டி
தூரத்தில் ஒருமுறை உறுமி அடங்கிற்று.
பிறகு கேட்டாள்,
"தண்ணீர் இருக்கிறதா?"

மாத்திரையை உள்ளங்கையில் வைத்தபடி ஜெபித்தாள்.
ஆறு வருடமாக
எத்தனையோ பேர் விழுங்கக் கண்டவன் நான்.
தலை தானாகக் குனிந்தது அன்றுதான்.

நமுகோலோ புட்டியைத் திறந்து முகர்ந்தாள்.
"சூரியகாந்தி" என்றாள்.
லேபிளைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.
அன்றிரவு அந்த எண்ணெயில்
கபென்டா மீன் பொரித்தோம்,
தலையோடு, வாலோடு.
நன்றாகவே இருந்தது.
எண்ணெயின்மேல் குற்றமில்லை.

செப்டம்பரில் கூடாரம்
சோல்வெசிக்குப் போயிற்று.
பதினேழில் ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள்.
இரண்டு கட்டங்களில் கோடு கிழித்தேன்.
மற்றவற்றை
இன்னும் வெற்றாகவே வைத்திருக்கிறேன்.

ஸ்டிக்கரைக் கத்தியால் சுரண்டினேன்.
முகம் போயிற்று. பசை போகவில்லை.
தூசி ஒட்டிக் கறுத்த ஒரு சதுரம்
கதவில் அப்படியே நிற்கிறது.
வண்ணம் அடித்தால் மறைந்துவிடும்.
அடிக்கவில்லை.
வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டால்
தொட்டுப் பாருங்கள் என்கிறேன்.