இடது காது

அரிசி ஆலையின் இருபது குதிரைசக்தி மோட்டார்
ஆடி மாதம் எரிந்துபோனது.
பதினோரு வருஷம் அதன் பக்கத்தில் நின்று
தவிடு தள்ளியவள் நான்.
அது போவதற்கு முன்பே
என் இடது காது போயிருந்தது.

கருகிய சுருளை உருவிப் போட்டுவிட்டுப்
புதுக் கம்பி சுற்றியவன் என் புருஷன் சேவுகன்.
பாக்கிக் கூலிக்குப் பதிலாக
வைண்டிங் கடை முதலாளி
ஒன்றேகால் கிலோ கருகலைத்
துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்.
மூன்று நாள் வீடெல்லாம் வார்னிஷ் நாற்றம்,
ரசத்தில்கூட.

கண்மாய்க்கரை அம்மனுக்குக் காது நேர்ந்திருந்தேன்.
கோயில் வாசலில் தகட்டுக் காது விற்கிறார்கள்,
ஜோடி இருபது ரூபாய்.
எல்லாம் ஒரே அச்சு.
யார் காதோ அது.
புதுவயலில் எத்தனை ஆலை, எத்தனை செவிடு,
இது அடைக்கியுடையது என்று
அவளுக்கு எப்படித் தெரியும்?

"நாமளே ஊத்திருவோம்" என்றான் சேவுகன்.
வலப்பக்கம் வந்து நின்று சொன்னான்.

மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து
இடது காதில் அப்பினான்.
மடல், மடிப்பு, துளை எல்லாம் மூடியது.
குளிர்ந்தது, அவ்வளவுதான்.
அடைத்த பிறகும்
உலகம் அப்படியே இருந்தது.

மாவுக் குழியில் மெழுகு.
மெழுகைச் சுற்றிச் செங்கல் தூளும் பாரிஸ் சாந்தும்.
சூடு காட்டி மெழுகை வடித்ததும்
உள்ளே காது வடிவில்
ஒரு ஒன்றுமில்லை.

கொல்லையில் உலை:
பெயிண்ட் டின், உள்ளே களிமண் பூச்சு, சிரட்டைக்கரி.
ஊதுவதற்கு,
நாத்தனார் கல்யாணத்துக்கு யாரோ மொய்யாக வைத்த
முடி உலர்த்தும் மிஷின்.
காரைக்குடிப் பத்தர் ஒருவர்
விளிம்பு உடைந்த மூசையைப் பாதி விலைக்குத் தந்தார்,
எதற்கென்று கேட்டு, பதில் சொன்னதும்
இன்னும் பத்து ரூபாய் குறைத்தார்.

முதல் தடவை அச்சு காயவில்லை.
ஊற்றியதும் ஈரம் சீறிச்
செம்பு கடுகாய்த் தெறித்தது.
சேவுகன் சட்டையில் ஏழு ஓட்டை.
பக்கத்து வீட்டு மீனாள் "கேஸா, கேஸா" என்று ஓடிவந்தாள்.
எனக்குப் பாதிதான் கேட்டது.
சிரித்துவிட்டேன். அவன் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள்
மறுபடி கரி மூட்டினான்.
கம்பி லேசில் உருகாது.
சிவக்கும், வளையும்,
இன்னும் சிவந்து அப்படியே நிற்கும்,
ஓரத்தில் பச்சைச் சுடர் நக்கும்.
பிறகு யாரும் கெஞ்சாத ஒரு நிமிஷத்தில்
தானாக உட்கார்ந்துகொள்ளும்.
ஒரு சிட்டிகை வெண்காரம்.
மேலே பாலாடை மாதிரிப் படலம்,
ஒதுக்கினால் கண் கூசியது.
ஊற்றும்போது அவன் கை நடுங்கியது,
என் கை டார்ச்சோடு நடுங்கியது.

அச்சை உடைத்தோம்.
காதுதான்.
உடம்பெல்லாம் ஊசித் துளை.
தோடு போடும் இடம் வரை செம்பு போய்ச் சேரவில்லை.
ஆறினால் சுருங்குமாம்,
என் காதைவிட ஒரு நெல் அளவு சின்னது.
ஆனாலும் அந்த மேல் மடிப்பு,
ஆறு வயதில் நாய் கடித்த வெட்டு,
அது இருந்தது.

உண்டியல் வாயில் நுழையவில்லை.
திருப்பிப் பார்த்தேன், படுக்கவைத்துப் பார்த்தேன்.
"இம்புட்டுக் கனமா எதுக்கு?
தகடு வாங்கிப் போடும்மா" என்றார் பூசாரி,
பின்னால் வரிசை நின்றது.

மறுநாள் அது என் சோற்றுப் பையில் இருந்தது.
சாப்பாட்டு மணிக்கு முன்னால்
சேவுகன் சுற்றிய மோட்டாரின் முதுகில் வைத்தேன்.
கிடுகிடுவென்று நகர ஆரம்பித்தது
ஓரத்தை நோக்கி.
ஒரு விரலால் அழுத்திப் பிடித்தேன்.
விரல் வழியாக, முழங்கை வழியாக,
பல்லுக்குள் வந்து நின்றது சத்தம்,
பழைய சத்தமே.

இடப்பக்கம் மேஸ்திரி
ஏதோ கத்திக்கொண்டிருந்தார் போல.
பிறகு கேட்டுக்கொள்ளலாம்.